ஓட்டுப் போடாம இருந்தா என்ன ஆகும்? புறக்கணிப்பு பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

தேர்தல் தேதி அறிவித்ததும் டெல்டாவில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். சுவர்களுக்கு வெள்ளையடித்துச் சின்னம் வரைவார்கள். ஏதாவது ஒரு கடைமடை ஊரில் இரண்டு மூங்கிலை நட்டு ‘தேர்தல் புறக்கணிப்பு’ என்று பேனர் கட்டுவார்கள். பாலம் வரவில்லை, வாய்க்கால் தூர் வாரவில்லை, மனைப்பட்டா கிடைக்கவில்லை, பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்து சேரவில்லை என்று காரணம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் டீக்கடை பெஞ்சிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். முதலில் ஓட்டு, பிறகு கடைச் சரக்கு, கடைசியில் வில்லங்கமானவை.

ஓட்டுப் போடலைன்னா ரேஷன் கார்டை ரத்து பண்ணிடுவாங்களாமே, நெசமா?

இல்லை. இந்தியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம் கிடையாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, தேர்தல் உரிமை என்பதற்குள் வாக்களிக்காமல் இருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஓட்டுப் போடாததற்காக ரேஷனையோ, நூறு நாள் வேலையையோ, முதியோர் உதவித்தொகையையோ யாரும் நிறுத்த முடியாது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரையும் அதற்காக எடுக்க முடியாது. அப்படி யாராவது மிரட்டினால், மிரட்டியவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரே ஓட்டுப் போடலைன்னா எலக்‌ஷன் செல்லாதுல்ல அண்ணே?

செல்லும். இத்தனை சதவீதம் பதிவானால்தான் தேர்தல் செல்லும் என்ற விதி நம் நாட்டில் இல்லை. 2017இல் ஸ்ரீநகர் நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தலில் 7 சதவீதத்தை ஒட்டித்தான் வாக்கு விழுந்தது. ஃபரூக் அப்துல்லா ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 2024 மக்களவைத் தேர்தலில் நாகாலாந்தின் கிழக்குப் பகுதி ஆறு மாவட்டங்களில் தனி நிர்வாகப் பகுதி கேட்டு மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. நான்கு லட்சம் வாக்காளர்கள் உள்ள பகுதி அது. மீதி மாவட்டங்களின் ஓட்டை எண்ணி எம்.பி.யை அறிவித்துவிட்டார்கள்.

மறுவாக்குப்பதிவு என்பது சாவடியைக் கைப்பற்றினால், எந்திரம் சேதமானால், நடைமுறையில் பெரிய பிழை நேர்ந்தால் வருவது. ஆளே வராத சாவடிக்கு அது கிடையாது. அதிகாரிகள் சாயங்காலம் வரை காத்திருந்து, எந்திரத்துக்கு சீல் வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

நோட்டா போடுறதுக்கும் வீட்ல படுத்துக் கெடக்குறதுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?

ஜெயிப்பது யார் என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. கணக்கில் எழுதப்படுவதில் பெரிய வித்தியாசம் உண்டு. போகாத ஓட்டு, வெளிநாட்டில் இருப்பவர் ஓட்டோடும் இறந்துபோயும் பட்டியலில் தொங்குகிற பெயரோடும் சேர்ந்து ‘பதிவாகாதது’ என்ற ஒரே கூடையில் விழும். திருப்பூரில் வேலைக்குப் போன பையன் பஸ் கிடைக்காமல் வராததும், நீங்கள் கோபத்தில் போகாததும் காகிதத்தில் ஒன்றுதான்.

நோட்டா அப்படியில்லை. ‘இவர்களில் யாருக்கும் என் ஓட்டு இல்லை’ என்று சொல்ல, உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று கொடுத்த தீர்ப்பால் வந்த பொத்தான் அது. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒரு தாள் வெளியாகும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். இடது பக்கம் வாக்குச்சாவடி எண். அதற்கு நேராக ஒவ்வொரு வேட்பாளருக்கும் அந்தச் சாவடியில் விழுந்த ஓட்டு. வேட்பாளர்களுக்கெல்லாம் அப்பால் நோட்டாவுக்கு ஒரு கட்டம். மற்ற சாவடிகளில் 5, 8, 3 என்று இறங்கிவரும் அந்தக் கட்டத்தில் உங்கள் ஊர்ச் சாவடிக்கு நேராக மட்டும் 400 என்று நின்றால், ஒன்றியச் செயலாளர் கண்ணில் அதுதான் முதலில் படும். கட்சிக்காரர்கள் இந்தத் தாளை வரி விடாமல் படிப்பவர்கள். நாம்தான் படிப்பதில்லை.

நோட்டா முதல்ல வந்தா மறுதேர்தல், நின்னவங்க யாரும் திரும்ப நிக்கக் கூடாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அப்படி விதியே இல்லை. நோட்டா எத்தனை வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தவர். 2024இல் இந்தூர் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வாபஸ் வாங்கிக்கொண்டு போனார். நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்து இரண்டாம் இடம். பா.ஜ.க. வேட்பாளர் எம்.பி. ஆவதை அது தடுக்கவில்லை. 2014இல் நம் நீலகிரியில் 46,559 நோட்டா. அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிகம் அதுதான்.

வாட்ஸ்அப் செய்திக்கு ஒரு வேர் இருக்கிறது. மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று உத்தரவு போட்டன. அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள். இன்னொன்று: டெபாசிட் கணக்குப் பார்க்கும்போது நோட்டா செல்லுபடியான ஓட்டாக எடுத்துக்கொள்ளப்படாது. ஆகவே நோட்டா போட்டு ஒருவரை டெபாசிட் இழக்கச் செய்யவும் முடியாது.

49 ஓ இன்னும் இருக்கா?

தேர்தல் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. சாவடிக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்து வைத்தபின் ‘போட விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு வரலாம். ஆனால் ஏஜெண்டுகள் எதிரிலேயே அது நடக்கும், ரகசியம் போய்விடும். அந்தக் குறைக்காகத்தான் நோட்டாவே வந்தது.

அப்ப பேனர் கட்டுறது வெட்டி வேலையா? அதுனால எந்த ஊருக்குமே பலன் கெடைக்கலையா?

கிடைத்திருக்கிறது. ஆனால் பலன் வந்தது ஓட்டுப் போடாததால் அல்ல, போடமாட்டோம் என்று சொன்னதால். பேனர் கட்டிய மறுநாளே வட்டாட்சியர் வருவார், டி.எஸ்.பி. வருவார், வட்டார வளர்ச்சி அலுவலர் வருவார். வருஷக்கணக்காக மனு கொடுத்தும் எட்டிப் பார்க்காதவர்கள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாரியம்மன் கோயில் வாசலில் உட்காருவார்கள். வாக்குப்பதிவு சதவீதம் குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். அந்த அரை மணி நேரம்தான் ஊருக்குக் கிடைக்கும் பிடி.

அந்தப் பிடி பெரும்பாலும் வீணாகப் போகிறது. காரணம், காலம். தேர்தல் அறிவித்த நிமிஷத்திலிருந்து நடத்தை விதி அமலில் இருக்கும். ஏற்கெனவே தொடங்கிய வேலையைத் தொடரலாமே தவிர, புதிதாக ஒரு வேலையை அறிவிக்கவோ தொடங்கவோ முடியாது. அதாவது நாம் பேனர் கட்டுகிற நேரமும், அதிகாரி எதையும் கொடுக்க முடியாத நேரமும் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு ஊரில் வாய்க்கால் பாலத்துக்காக இப்படித்தான் உட்கார்ந்தார்கள். வந்தவர் ஒரு வெள்ளைத் தாளில் ‘தேர்தல் முடிந்தபின் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக் கொடுத்தார். தேதி இல்லை, முத்திரை இல்லை, கோப்பு எண் இல்லை. மத்தியானத்துக்கு மேல் பாதி ஊர் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தது. தேர்தல் முடிந்த கையோடு அந்த அதிகாரிக்கு மாறுதல். பனம்பட்டைப் பாலத்தில்தான் இன்னமும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஆகவே, பேனரைத் தேர்தல் அறிவிப்புக்கு நான்கைந்து மாதம் முன்னால் கட்டுங்கள்.  பேச வருகிறவரிடம் வாக்குறுதி கேட்காதீர்கள். மதிப்பீடு தயாரா, நிர்வாக அனுமதி வந்ததா, டெண்டர் விட்டாயிற்றா என்று கேளுங்கள். எண்ணோடும் தேதியோடும் நகல் கேளுங்கள்.

பெரிய திட்டங்களை இது அசைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 தேர்தலை உறுதியாகப் புறக்கணித்தார்கள். மிகச் சிலர்தான் ஓட்டுப் போட்டார்கள். நாடே அந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டது. திட்டம் கைவிடப்படவில்லை.

நாங்க போகலைன்னா யாருக்கு லாபம்?

உங்கள் ஊர் வழக்கமாக யாருக்குப் போடுகிறதோ, அவருடைய எதிரிக்கு. கட்சிகள் புறக்கணித்தாலும் இதே கதைதான். விக்கிரவாண்டியில் 2024இலும் ஈரோடு கிழக்கில் 2025இலும் இடைத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தது. இரண்டிலும் தி.மு.க. ஜெயித்தது. உங்கள் ஊர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்சிக்குப் போடுகிற ஊராக இருந்தால், புறக்கணிப்பு அந்தக் கட்சிக்கு உறைக்கும். மற்றக் கட்சிக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் சந்தோஷமாக இருப்பார்கள்.

அதுக்குப் பதிலா ஊர்ல அம்பது பேர் வேட்பாளரா நின்னு எந்திரத்தைத் திணறடிச்சா?

செய்திருக்கிறார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில், விவசாயிகள் பிரச்சினையைக் கவனிக்கவில்லை என்று கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது, வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. கடைசியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். நின்றவர்களில் பலருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் அரசு செய்தது என்ன? டெபாசிட்டை ஒரேயடியாக உயர்த்தியது, சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்றது. இன்றைக்குச் சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி.

தெலங்கானாவின் நிஜாமாபாத் கதை கொஞ்சம் வேறு. 2019இல் மஞ்சள் விவசாயிகள் 178 பேர் நின்றார்கள். மஞ்சள் வாரியம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அன்றைய முதலமைச்சரின் மகளும், பதவியில் இருந்த எம்.பி.யுமான கவிதா தோற்றார். ஜெயித்தவர் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர். 2025 ஜனவரியில்தான் வாரியம் திறந்தது. ஒரே ஒரு கோரிக்கை, ஒரே பயிர், பயப்பட வேண்டிய ஒரு எம்.பி. மூன்றும் இருந்ததால் நடந்தது. நம் பக்கம் ஒரு கூட்டத்தில் பதினாறு கோரிக்கை வாசிக்கிறோம்.

ரெண்டு பக்கமும் காசை வாங்கிக்கிட்டு நோட்டா போட்டா அதுவும் புரட்சிதானே சார்?

சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள், ஆனால் நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள். 2016இல் தஞ்சாவூர்த் தொகுதியில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே நிறுத்தி, நவம்பரில் திரும்ப நடத்தியது. அந்த ஆறு மாதமும் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. காசு கொடுத்தவர் அதைச் செலவாக எழுதவில்லை, முதலாக எழுதி வைத்திருக்கிறார். திரும்ப எடுக்கும் இடம் உங்கள் நெல் மூட்டையாகவும் இருக்கலாம், ஆற்று மணலாகவும் இருக்கலாம்.

ஓட்டு சரி. பெப்சி, கோக்கை விட்டோமே, என்ன ஆச்சு?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் அந்த இரண்டையும் விற்பதில்லை என்று அறிவித்தன. பாட்டில் குளிர்பானத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிறது என்ற கோபம் அதில் இருந்தது. கொஞ்ச காலம் பொவண்டோவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் நல்ல யோகம். விற்பனையை நிறுத்திய மறுநாளே, ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. வெயில் ஏற ஏறப் பாட்டில்கள் ஒவ்வொரு கடையாகத் திரும்பி வந்தன.

ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், எது நடந்தால் புறக்கணிப்பை நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை என்பேன். கம்பெனி எதைச் செய்தால் நமக்குத் திருப்தி? தெரியாது. இன்னொன்று விலையும் குளிர்பெட்டியும். கடையில் நிற்கும் பெட்டி பல இடங்களில் அந்தக் கம்பெனி கொடுத்ததுதான். அதிலிருந்து அவர்கள் பாட்டிலை எடுத்து வெளியே வைக்கக் கடைக்காரருக்கு என்ன வழி? நூறு வருஷத்துக்கு முன்பும் இதே தந்திரம்தான். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலை முறிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகவும் ஏற்றிக்கொள்கிறேன் என்றது, போதாததற்குக் குடையும் கொடுத்தது.

அப்ப வேதாரண்யத்துல மட்டும் எப்படி ஜெயிச்சாங்க?

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, நம் ஊர்கள் வழியாகத்தான் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். தஞ்சை கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்தார். ஜனங்கள் நேருக்கு நேர் மோதவில்லை. சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். நடப்பவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள், யார் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, பாதிச் சவரத்தில் எதிரில் இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் மீதியைச் செய்ய மறுத்துவிட்டார். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, அங்கே மறுத்தது வாங்குபவர்கள் அல்ல, கொடுப்பவர்கள். அந்தப் போலீஸ்காரருக்கு அன்றைக்கே, அதே நாற்காலியில் உறைத்தது. ஒரு லட்சம் பேர் சோடா குடிக்காததைவிட ஒருவர் கத்தியைக் கீழே வைத்தது வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

ஓ.என்.ஜி.சி. நம்ம மளிகைக் கடையில எதையும் விக்கலையே, அதை எப்படிப் புறக்கணிக்கிறது?

முடியாது. நல்ல கேள்வி. எண்ணெய் எடுக்கும் கம்பெனிக்கு நாம் வாடிக்கையாளர் இல்லை, சுத்திகரிப்பு ஆலைதான் வாடிக்கையாளர். கோபத்தில் பெட்ரோல் பங்க்கைப் புறக்கணித்தால் பம்புசெட் நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்கு நம்மிடமிருந்து வேண்டியது நிலமும் வழியும். மன்னார்குடி மீத்தேன் எதிர்ப்பில் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் உட்கார்ந்ததும் அந்த இடத்தில்தான். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது அந்த அழுத்தத்தால். ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

டாஸ்மாக்கைப் புறக்கணித்தால் அரசே ஆடிப்போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். கூட்டத்தில் அதை யாரும் வழிமொழியவில்லை.

ஒரு போகம் சாகுபடியே செய்யாம விட்டா, அரிசி இல்லாம தவிக்கட்டுமே?

2011இல் ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில், கோனசீமாவில், கட்டுப்படியாகும் விலை கேட்டு விவசாயிகள் ‘பயிர் விடுமுறை’ விட்டார்கள். செய்தியானது, விசாரணைக் குழு வந்தது. முதலில் அடி வாங்கியது நடவுக்குப் போகும் பெண்களும் நிலமில்லாத கூலிக்காரர்களும். அரசுக் கிடங்கில் அரிசி இருக்கும். அவர்கள் வீட்டில் இருக்காது. நிலம் வைத்திருப்பவர் மட்டும் கூடி இந்த முடிவை எடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஊர்க் கட்டுப்பாட்டை மீறி ஒருத்தர் போயி ஓட்டுப் போட்டா அபராதம் போடலாமா?

கூடாது. பேனரின் கீழே ‘மீறினால் ஊர்விலக்கு’ என்று எழுதிய அன்றே உங்கள் போராட்டம் குற்றமாகிவிடும். போடாமல் இருப்பது உரிமை என்று முதல் கேள்வியில் சொன்னேன்; போடுவதும் அதே உரிமைதான். ஒருவரைத் தடுப்பது தேர்தலில் முறையற்ற செல்வாக்கு, ஓராண்டு வரை சிறை உண்டு. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் விஷயம் இன்னும் கடுமை. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நேரடிக் குற்றம்.

புறக்கணிப்பு என்றாலே ஏழைகளின் ஆயுதம் என்று நினைக்க வேண்டாம். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் ஊராட்சித் தேர்தல் நடக்கவிடவில்லை. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதுதான் காரணம். 2006இல்தான் நடந்தது. ஆகவே உங்கள் ஊரில் புறக்கணிப்புத் தீர்மானம் போடும்போது, காலனித் தெருவிலிருந்து எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள், அவர்கள் கேட்கிற சுடுகாட்டுப் பாதை கோரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை ஊர்த் தீர்மானம் என்று சொல்லாதீர்கள்.

புறக்கணிச்சோம், பேசினாங்க, எழுதிக் குடுத்தாங்க, ஒண்ணும் நடக்கல. அடுத்து என்ன பண்றது?

எழுதிக் கொடுத்த தாளை நகல் எடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள்: இந்த உறுதிமொழியின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு எண் என்ன, யார் மேசையில் இருக்கிறது? முப்பது நாளில் பதில் வர வேண்டும். கிராம சபை தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரே தீர்மானத்தை ஆறிலும் நிறைவேற்றுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

‘எல்லாரும் ஒண்ணுதான், எதுக்கு மெனக்கெடணும்’ என்று அலுத்துப்போய்க் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் சாவடியின் படிவம் 20ஐ எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். போன தேர்தலில் உங்கள் சாவடியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று முதலில் பாருங்கள். அந்த எண் முப்பதா முந்நூறா என்பதை வைத்துத்தான், அடுத்த முறை பேனரா நோட்டாவா, அல்லது ஓட்டையே பேரம் பேசுவதா என்று முடிவு செய்ய முடியும்.